டீச்சரம்மாவைக் கேளுங்கள்: இலையுதிர்காலமும் விடுமுறைக் குழந்தைகளும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுத்தான். பொழுது சீக்கிரம் இருட்டுகிறது, குழந்தை தூங்க மறுக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, விடுமுறை வருகிறது, கூடவே விருந்தாளிகளும் வருகிறார்கள், என்ன செய்வது? மழலையர் வகுப்பிலேயே தலை நரைத்தவள் என்பதால் எனக்கு எல்லாம் அத்துப்படி என்று நினைத்து எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருத்துவரிடம் போக வேண்டியதற்கு மருத்துவரிடம்தான் அனுப்புவேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: இங்கே இலையுதிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். பெரியவர்களுக்குக் கூடுதல் தூக்கம் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். என் மூன்று வயது மகன் மட்டும் ஆறு மணிக்கு எழுந்தவன், ஐந்து மணிக்கே எழுந்து எங்கள் கட்டிலில் ஏறிக் குதிக்கிறான். இவனை எப்படிப் பழக்குவது?

உங்கள் மகன் சரியான நேரத்துக்குத்தான் எழுகிறான், அம்மா. அரசாங்கம் கடிகாரத்தை மாற்றியதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைத் திருத்துவது கண்ணில் படும் வெளிச்சம். இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலடோனின் சுரக்கிறது, தூக்கம் வருகிறது. காலை வெளிச்சம் பட்டதும் அது அடங்குகிறது. ஆகவே வெளிச்சத்தை வைத்தே அவனைப் பழக்க வேண்டும். அடுத்த ஆண்டு கடிகாரம் மாறுவதற்கு ஐந்தாறு நாள் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். படுக்கும் நேரத்தைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளுங்கள். குளியலையும் இரவுச் சாப்பாட்டையும் அதோடு சேர்த்தே தள்ள வேண்டும். சாப்பாடு பழைய நேரத்திலும் படுக்கை புதிய நேரத்திலும் இருந்தால் பசித்து அழுவான். இந்த ஆண்டுக்கு, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும் கடைசி நிமிடம் வரை அவனை வெளியே விளையாட விடுங்கள். விடியற்காலையில் அறை இருட்டாகவே இருக்கட்டும். ஐந்து மணிக்கு வந்து குதித்தால் விளக்கைப் போடாமல், கதை சொல்லாமல், திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எவ்வளவு சுவாரசியமில்லாதவராக இருக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வழிக்கு வந்துவிடுவான்.

பகல் தூக்கத்தைப் பிடுங்கினால் காலையில் தாமதமாக எழுவான் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அளவு மீறிக் களைத்த குழந்தை இன்னும் சீக்கிரம்தான் எழும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

ஒன்று சொல்லிவைக்கிறேன். விடுமுறையில் எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், வெளியே ஓடும் நேரம், இந்த மூன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். கீழே உள்ள பாதிக் கடிதங்களுக்கும் இதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகளைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தோம். சேர்த்த நாளிலிருந்து சளி. ஒன்று போனால் அடுத்தது. எதிர்ப்பு சக்தி குறைவோ என்று என் மாமியார் பயப்படுகிறார். காப்பகத்தை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். பல குழந்தைகளோடு பழகுகிறவர்களுக்கு அதற்கு மேலும் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும், இருமல் அதற்குப் பிறகும் தொடரும். அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த மாதங்களில்தான் வரும். கூட்டிப் பாருங்கள், மூக்கு ஒழுகாத நாள் குறைவாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. சளியை உண்டாக்குபவை வைரஸ்கள். குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் மூச்சு விடும்போது அவற்றுக்குக் கொண்டாட்டம்.

சளி பச்சையாக மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்டு ஓடுகிறவர்கள் உண்டு. நிறம் மட்டும் பாக்டீரியாவுக்குச் சாட்சி சொல்லாது. வைரஸ் சளியும் இரண்டு மூன்று நாளில் அப்படி மாறும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கடையில் கிடைக்கும் இருமல் மருந்துகளை இந்த வயதில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு வயது கடந்த குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங்குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். பாட்டுலிசம் என்பார்கள், உயிருக்கே ஆபத்து. நாக்கில் தடவும் ஆசை எந்தப் பெரியவருக்கு இருந்தாலும் சரி, தடுத்துவிடுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வீட்டில் கொடுக்கக் கூடாது.

மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுந்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் சிறுநீர் குறைந்துபோனால், துவண்டு கிடந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் தொட்டாலே போக வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி உண்டு. குளிர் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் மாமியாரிடம், பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகள் மரத்திலிருந்து இலை விழுவதைப் பார்த்து, "அப்பா, மரத்துக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். வலிக்காது என்றேன். "எப்படித் தெரியும்?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

தம்பி, இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். பாதிப் பக்கம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

வலி என்பதற்கு நரம்பு வேண்டும், மூளை வேண்டும். மரத்துக்கு இரண்டும் இல்லை. ஆனால் அவளுக்கு அந்தப் பதில் போதாது. அவள் உண்மையில் கேட்பது, இலை பிய்ந்த இடம் புண்ணாக இருக்குமா என்று. இருக்காது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மரம் முன்கூட்டியே ஒரு மெல்லிய பிரிவு அடுக்கை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அடுக்குக்கு அடியில், கிளைப் பக்கத்தில், தக்கை போன்ற உறை ஒன்று வளர்ந்து இடத்தை மூடுகிறது. பிறகு காற்று லேசாக அசைத்தாலே போதும், இலை கழன்றுவிடும். நாம் பச்சை இலையைப் பிய்த்தால் நார் கிழிகிறது அல்லவா, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவளே இரண்டு காம்புகளையும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அதற்கு முன் மரம் செய்யும் வேலை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளைக் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. பச்சை போனதும், கோடை முழுவதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன; அவை கரோட்டினாய்டுகள், காரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே குடும்பம். சிவப்பு மட்டும் ஒளிந்திருந்ததில்லை. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் அந்தச் சமயத்தில் புதிதாகத் தயாரிக்கின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். உதிரப்போகும் இலைக்கு எதற்கு இந்தச் செலவு என்று விஞ்ஞானிகளே இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இதையும் மகளிடம் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் விடை கிடைக்காத கேள்விகள் உண்டு என்று தெரிந்தால் குழந்தைகளுக்குத் தனிச் சந்தோஷம்.

ஏன் உதிர்க்க வேண்டும்? குளிர்ந்த, உறைந்த மண்ணிலிருந்து வேர் தண்ணீர் எடுப்பது கடினம். இலைகளோ தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைந்த காலத்தில் செலவை நிறுத்துகிறது மரம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மகளோடு மரத்தடிக்குப் போங்கள். கிளையில் இலை விழுந்த தழும்பைத் தேடுங்கள். அதற்குள் சிறு புள்ளிகள் இருக்கும். தண்ணீரும் உணவும் போய்வந்த குழாய்கள் மூடிய இடங்கள் அவை. தழும்புக்குச் சற்று மேலே பார்த்தால் ஒரு மொட்டு இறுக்கமாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்த வசந்தத்தில் விரியப்போகிற மொட்டு அது. இலை விழுவதற்கு வெகு முன்பே, கோடையிலேயே, மரம் அதைத் தயார் செய்துவிட்டது. அதைக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அடுத்த கேள்வியை அவளே கேட்பாள்.

கேள்வி: விடுமுறையில் உறவினர்கள் கூடும்போது என் நான்கு வயது மகன் யாருக்கும் முத்தம் கொடுக்க மாட்டான். போன முறை அவனுடைய அத்தை கோபித்துக்கொண்டார். வளர்ப்பு சரியில்லை என்று என் காதில் விழும்படியே சொன்னார். நான் அவனைக் கட்டாயப்படுத்த வேண்டுமா?

வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் முகம் நான்கு வயதுக் குழந்தைக்குப் புதிய முகம்தான். அத்தைக்கு அவனைப் பிறந்ததிலிருந்து தெரியும். அவனுக்கு அத்தையை அவ்வளவாகத் தெரியாது. வணக்கம் சொல்வது கட்டாயம், எப்படிச் சொல்வது என்பது அவன் விருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை குலுக்கலாம், கையாட்டலாம், கை கூப்பலாம். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். போன பிறகு வாசலில் வைத்து, நாலு பேர் பார்க்க, "கொடுடா, கொடுடா" என்று நெருக்காதீர்கள். தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருப்பதை இந்த வயதிலேயே அறியட்டும்; பின்னாளில் அந்த அறிவு அவனைக் காக்கும்.

அத்தையிடம் நீங்களே முந்திக்கொண்டு பேசுங்கள். "அண்ணி, அவனுக்குப் பழக ஒரு மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு உங்களை விடமாட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். வளர்ப்பைப் பற்றிய பேச்சுக்குப் பதில் தேவையில்லை.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையின் முகத்தில் விருந்தாளிகள் முத்தமிட விடாதீர்கள். பெரியவருக்குச் சாதாரணச் சளியாகப் போகும் ஆர்எஸ்வி வைரஸ் அதற்கு மூச்சுத்திணறலாகலாம். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்து. இந்த விஷயத்தில் யார் கோபித்துக்கொண்டாலும் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பண்டிகை வந்தால் இனிப்பு. இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் பேயாட்டம் ஆடுகிறார்கள். சர்க்கரைதானே காரணம்?

ஊரே அப்படித்தான் நம்புகிறது. ஆராய்ச்சி நம்பவில்லை. பிள்ளைக்குக் கொடுத்தது சர்க்கரையா, வேறு இனிப்பா என்று கொடுப்பவருக்கும் பெற்றோருக்கும் தெரியாதபடி நடத்திய 23 சோதனைகளை 1995இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையால் குழந்தைகளின் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை. 1994இல் நடந்த இன்னொரு ஆய்வு வேடிக்கையானது. சில தாய்மார்களிடம் "உங்கள் மகனுக்குச் சர்க்கரை நிறையக் கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். உண்மையில் ஒரு பையனுக்கும் சர்க்கரை கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தாய்மார்கள் தங்கள் பையன் அடங்காமல் திரிந்ததாகச் சொன்னார்கள். அவனை அதிகம் கண்டிக்கவும் செய்தார்கள்.

அப்படியானால் பேயாட்டம் எதனால்? வீடு நிறையக் கூட்டம், சத்தம், பகல் தூக்கம் போச்சு, சாப்பாடு இரண்டு மணி நேரம் தள்ளிப்போச்சு. இனிப்புத் தட்டு வந்ததும் அந்தக் கூட்டத்தோடுதான். பழியை அது சுமந்துகொண்டது. சர்க்கரைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; பல்லுக்கு அதுதான் முதல் எதிரி. நாளெல்லாம் கொறிக்க விடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, இரவு பல் துலக்கவையுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகளை ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். மூச்சுக்குழாயை அடைக்க ஒரு முழுப் பருப்போ முழுத் திராட்சையோ போதும்.

கேள்வி: பரிசுகள் குவிந்துவிட்டன. எங்கள் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றையும் முழுதாக விளையாடாமல் ஒவ்வொன்றாக எறிகிறது. பொறுமை இல்லாத குழந்தையா?

குழந்தை மேல் குற்றமில்லை, குவியல் மேல்தான். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளை ஒருமுறை நான்கு பொம்மைகளோடும் ஒருமுறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. நான்கு இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். நாலைந்தை வெளியே வைத்துவிட்டு மீதியைப் பரணில் ஏற்றுங்கள். சில வாரம் கழித்து மாற்றினால் பழையதே புதிதாகிவிடும்.

பரணில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பாட்டுப் பாடும், விளக்கு எரியும் பொம்மைகளில் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கும். மூடி திருகாணியால் இறுக்கப்படாவிட்டால் அந்தப் பொம்மை வீட்டில் வேண்டாம். வாழ்த்து அட்டை, சிறு ரிமோட், மினுக்கும் மெழுகுவர்த்தி ஆகியவற்றிலும் இது ஒளிந்திருக்கும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் மின்னோட்டம் அரிக்கும் காரப்பொருளை உண்டாக்கி, இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகமே போதும். வாந்தியெடுக்க வைக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். குட்டிக் காந்த உருண்டைகளும் இதே வகை எமன். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

கேள்வி: விடுமுறை தொடங்கிய மறுநாளே "போர் அடிக்கிறது" என்கிறான் ஆறு வயது மகன். என்ன ஏற்பாடு செய்யலாம்?

ஒரு ஏற்பாடும் வேண்டாம். போர் அடிக்கட்டும். அரைமணி நேரத்தில் நாற்காலியும் போர்வையும் வீடாக மாறும். அதுவரை உங்கள் காதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தாத்தா. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ஆளுக்கொரு திரையோடு மூலைக்குப் போய்விடுகிறார்கள். சொன்னால் மகள், "விடுமுறைதானே அப்பா" என்கிறாள். நான் என்னதான் செய்வது?

ஐயா, புத்தி சொன்னால் திரைதான் ஜெயிக்கும். அவர்கள் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து கையால் ஏதாவது வேலை செய்யுங்கள். பழைய கடிகாரத்தைக் கழற்றுங்கள், நாற்காலிக் காலை ஒட்டுங்கள். கூப்பிடாதீர்கள். சின்னவன் முதலில் வருவான். அவனிடம் திருப்புளியைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், பெரியவளுக்குப் பொறுக்காது.

சீக்கிரம் இருட்டும் மாதங்கள் உங்களுக்குச் சாதகம். கோடையில் நட்சத்திரம் தெரிவதற்குள் குழந்தைகள் தூங்கப் போய்விடுவார்கள், இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வானம் தயார். டிசம்பர் மாலையில் வானம் தெளிவாக இருந்தால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுங்கள். எத்தனை தெரிகிறது என்று பந்தயம் கட்டுங்கள். அறுமீன் என்ற பெயருக்கேற்ப ஆறு தெரிந்தாலே நல்ல கண். பைனாகுலர் இருந்தால் இன்னும் பல தெரியும், பிள்ளைகள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். கொஞ்சம் நேரமானதும் கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் மேலே வரும். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை அது.

மகளிடம் வாதாட வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்கு அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். இந்தப் பக்கத்தை மடித்து அவள் பார்க்கும் இடத்தில் வைத்தாலும் சரிதான்.

கேள்வி: குளிரில் நீண்ட கார்ப் பயணம். தடித்த கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் உட்காரவைத்து வாரைப் போட்டால் தப்பா?

தப்புத்தான். கோட்டின் பஞ்சு மோதலின்போது நசுங்கிவிடும். இறுக்கமாகத் தெரிந்த வார் அப்போது தளர்ந்துபோகும். நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். கோட்டோடு உட்காரவைத்து வாரைச் சரியாக இறுக்குங்கள். நீளத்தை மாற்றாமல் கொக்கியை மட்டும் கழற்றி, கோட்டை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். தோளருகே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். மெல்லிய உடைகளாக இரண்டு மூன்று போட்டு வாரை இறுக்குங்கள், அதற்கு மேல் கோட்டை முன்பக்கமாகப் போர்த்திவிடுங்கள். கார் சூடானதும் குழந்தையே உதைத்துத் தள்ளிவிடும்.